ஏற்புரைக்கு முன் ஒரு டம்ளர்

பொன்னாடையை மடித்துப் பைக்குள் திணித்திருக்கிறீர்களே தம்பி, புத்தக வெளியீட்டுக்குப் போய் வருகிறீர்களா? முகத்தைப் பார்த்ததும் நினைத்தேன். சாயங்காலம் முழுக்கப் பேச்சுக் கேட்ட களைப்பு கண்ணுக்குக் கீழே தனியாகத் தெரியும். உட்காருங்கள், உட்காருங்கள், ஜன்னலோரம் உங்களுக்கே. பஸ் காற்று எனக்கு ஆகாது, மூக்கு அடைத்துக்கொள்ளும். இந்த மூக்கும் நாக்கும்தான் தம்பி நான் சம்பாதித்த சொத்து.

என்ன புத்தகம்? வேண்டாம், பெயரைச் சொல்லாதீர்கள். இப்படிக் கொடுங்கள், ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறேன். ம்ம். முன்பாதி புளிப்பு. பின்னால் போகப் போகத் துவர்க்கும். எழுதியவருக்கு அப்பாவோடு மனத்தாங்கல், சரியா? என்னது, கவிதையா? அப்படியானால் அம்மாவோடு.

சிரிக்காதீர்கள். நான் சவரிநாதன். பாண்டிச்சேரியில் ‘நீலக் கொக்கு’ என்று ஒரு பார் உண்டே, அதன் கௌண்டருக்குப் பின்னால் நிற்கிற சவரி நான்தான். பிராந்தியை ஊற்றி சோடாவை உடைத்துக் கொடுக்க எவன் வேண்டுமானாலும் வருவான். நான் இலக்கியத்தைக் குடிக்கக் கொடுக்கிறவன். காக்டெயில் என்பார்கள் படித்தவர்கள். நான் ‘கலவை’ என்றுதான் சொல்வேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கலவை. ஹைக்கூப் புத்தகம் என்றால் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் கொடுப்பேன். மூன்று சொட்டு, அவ்வளவுதான். மூன்றாவது சொட்டு விழுந்ததும் தவளை சத்தம் கேட்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். துப்பறியும் நாவல் என்றால் கடைசி வாயில்தான் ருசி வரும். அவசரப்பட்டு டம்ளரைச் சாய்த்து அடியை நக்கிப் பார்த்தவனை நான் மறுபடி சேர்ப்பதில்லை. தொடர்கதைக்கு வாரம் ஒரு வாய். முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் எட்டாம் வாரத்தில் செத்துப்போனார். மிச்சத்தை அவர் மகன் வந்து குடித்துவிட்டு, ‘அப்பா எதுக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டே போனாருன்னு இப்பதான் புரியுது’ என்று அழுதான்.

நான் படிப்பேனா என்று கேட்கிறீர்களா? சேச்சே! சமையல்காரன் பந்தி பரிமாறுவதற்கு முன்னால் சாப்பிடலாமா? படித்தால் நாக்கு கெட்டுவிடும். நான் மதிப்புரை கேட்பேன். மேடையில் படித்தவர்கள் பேசுவார்கள் அல்லவா, அதைக் காதில் வாங்கி அப்படியே டம்ளரில் இறக்குவேன். அதுதான் என் முறை.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில். முதலாளி பெயர் அமலோர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் சொல்தா அமலோர். நாங்கள் ‘முசியே’ என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். ஒரு நாள் காலை கௌண்டருக்கு முன்னால் வந்து நின்றார். கூடவே அவருடைய மருமகப்பிள்ளை, கையில் அளவெடுக்கிற டேப்.

“சவரி, எதிர்ல பெரிய டிவி வச்சு பார் தொறந்துட்டான். நம்ம கடைல ஈ கூட ஒக்கார மாட்டேங்குது. மாசி மகம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நாற்காலி நெறையலன்னா, கௌண்டரைப் பேத்துட்டு மாப்பிள்ளைக்கு செல்போன் கடை” என்றார்.

“முசியே, தேக்கு கௌண்டர். உங்க அப்பா காலத்துது” என்றேன்.

“செல்போன் கடைக்குக் கண்ணாடி கௌண்டர்தான் அண்ணே நல்லாருக்கும்” என்றான் மருமகப்பிள்ளை. சொல்லிக்கொண்டே டேப்பை இழுத்தான். தம்பி, அந்தக் கௌண்டருக்கு இந்தப் பக்கம் நின்றே என் தலை நரைத்தது. என் உயரத்தைச் சவப்பெட்டிக்கு அளப்பதுபோல இருந்தது எனக்கு.

மாசி மகத்துக்கு அதிக நாள் இல்லை. யோசித்தேன். எங்கள் பாருக்கு மாடியில் ஒரு கூடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிழக்குக் கரை இலக்கிய வட்டம் அங்கே கூட்டம் போடும். நாலு மணிக்கு நூறு பேர் படியேறிப் போவார்கள். முடிந்ததும் அந்த நூறு பேரும் தடதடவென்று இறங்கி, எங்கள் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வில்லியனூருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். செருப்பை விட்டுவிட்டு ஓடினவர்கள் உண்டு. இவர்களுக்கு இலக்கியத்தில் பிடிப்பு போதவில்லை, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. பிடிப்பை உண்டாக்க வேண்டும். அப்படித்தான் கலவை பிறந்தது.

முதலில் கீழேயே வைத்துப் பார்த்தேன். ‘வெயிலுக்கு விற்ற குடை’ என்று ஒரு சிறுகதைத் தொகுதி. நன்னாரி, ஜின், கொஞ்சம் நாரத்தைச் சாறு. டம்ளரின் தோளில் கமலா ஆரஞ்சுத் தோலை நீளமாகச் சீவிப் போர்த்தினேன். அதுதான் பொன்னாடை. அழகென்றால் அப்படி ஓர் அழகு. வரிசையாக வாசலிலேயே வைத்தேன். ஓடுகிற ஓட்டத்தில் ஒருவர் முழங்கை பட்டு மூன்று டம்ளர் போயிற்று. நின்று குடித்தது ஒரே ஓர் ஆள்தான், திருவேணி.

திருவேணி தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள். வாயும் கண்ணும் எப்போதும் சிரித்தபடி இருக்கும். உள்ளூர்க்காரி, பஸ் பிடிக்கிற அவசரம் இல்லை. மேலே பேச்சு நீளும்போதெல்லாம் கீழே இறங்கி வந்து உப்புப் போட்ட லைம் சோடா குடித்துவிட்டுப் போவாள். எந்தப் புத்தகம் வந்தாலும் கூட்டத்துக்கு முன்னாலேயே வாங்கி முழுசாகப் படித்துவிடுகிற ஒரு கெட்ட பழக்கம் அவளுக்கு. பாவம், அதனால் மதிப்புரையை ரசிக்கவே முடியாது.

குடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்கு நேரம் இருக்கு? நாலு மணிக்கு ஒக்காந்தா ராத்திரிதான் விடுறாங்க” என்றாள்.

“அவங்க கீழ வரலைன்னா நான் மேல போறேன்மா” என்றேன். நூலை வெளியிடுகிறார்கள், முதல் பிரதியை ஒருவர் பெற்றுக்கொள்கிறார் அல்லவா? அதேபோல மேடையிலேயே கலவையையும் வெளியிட வேண்டியது. முதல் டம்ளர் ஆசிரியருக்கு. வட்டத்துத் தலைவர் பேராசிரியர் வரகுணனிடம் போய்க் கேட்டேன். அவருக்கு மேடையில் எதை வெளியிட்டாலும் சந்தோஷம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். “எவர்சில்வர் டம்ளர்ல கொண்டாங்க. போட்டோல டீ மாதிரி தெரியணும்.”

எந்தப் புத்தகத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? செங்கழுநீரனுடைய ‘உறைகலம்’. எழுநூறு பக்க நாவல். செங்கழுநீரனைக் கேள்விப்பட்டிருப்பீர்களோ இல்லையோ, அவருடைய ஏற்புரையைப் பற்றி நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய முதல் நாவல் வெளியீட்டில் அவர் ஏற்புரை சொல்ல எழுந்தபோது வாசலில் ஒரு தென்னங்கன்று நட்டார்கள். அவர் உட்காரும்போது இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நம்ப மாட்டீர்கள். மரம் இன்னும் இருக்கிறது, வந்து பாருங்கள்.

அன்றைக்கு நான் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். மதிப்புரை சொல்ல நாலு பேர். முதல் ஆள் தான் வந்த பஸ் மரக்காணத்தில் பஞ்சரானதைச் சொல்லிவிட்டு, “இந்த நாவல் நெருப்பு” என்று முடித்தார். இரண்டாம் ஆள் செங்கழுநீரனோடு கல்லூரி விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, “முன்னவர் சொன்னதுபோல நெருப்பு” என்றார். மூன்றாம் ஆள் அட்டைப் படத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். அதிலும் நெருப்பு. கடைசியில் பேராசிரியர் வரகுணன் எழுந்து புத்தகத்தை உயரத் தூக்கி, “தொட்டேன், சுட்டது!” என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

நான் படியிறங்கி ஓடினேன். நாலு பேரும் ஒரே வார்த்தை சொன்ன பிறகு என்ன சந்தேகம்? ரம்மை எடுத்தேன். சுக்கு, மிளகு. அப்புறம் சமையல்கட்டில் ஊசி மிளகாய் இருந்தது. பார்க்க அரிசிக்குக் கை கால் முளைத்தது மாதிரி இருக்கும், கடித்தால் கண் காது எல்லாம் அடைக்கும். அதை அம்மியில் வைத்து அரைக்க ஆரம்பித்தேன். லைம் சோடாவுக்காக வந்த திருவேணி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணே, என்ன அரைக்கறீங்க?”

“நாவல்மா. மேல வெளியிடறாங்களே, அதான்.”

“அண்ணே, அது துறைமுகத்துல ஐஸ் கம்பெனில வேலை பாக்கற ஒரு ஆளோட கதை. எழுநூறு பக்கமும் குளிரு. கதாநாயகன் கடைசி வரைக்கும் ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டான். இதுல மிளகாய் எங்கேருந்து வந்துச்சு?”

“மேல நாலு பேர் நெருப்புங்கறாங்க.”

“அவங்க யாரும் படிக்கலண்ணே.”

“படிக்காம எப்படிம்மா அவ்வளவு நேரம் பேச முடியும்?”

நியாயமான கேள்விதானே தம்பி? அவள் மாடிப்படியைப் பார்த்தாள். மேலே ஒலிபெருக்கியில் பொன்னாடை போர்த்தும் சத்தம்.

“அடுத்தது செங்கழுநீரன் ஏற்புரையாண்ணே?”

“ஆமா. அதுக்கு முன்னாடிதான் டம்ளர் போகுது.”

அம்மியில் இருந்த மிளகாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இன்னும் ஒரு பிடி போடுங்க” என்றாள்.

பார்த்தீர்களா? முழுசாகப் படித்தவளுக்கு விளங்காத நாவல், என் அம்மியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

இரண்டு டம்ளர் ஏந்திக்கொண்டு மேடை ஏறினேன். இரண்டுக்கும் பொன்னாடை போர்த்தியிருந்தேன். செங்கழுநீரன் ஏற்புரைக்காக எழுந்து நின்று, கையிலிருந்த காகிதக் கட்டைத் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருந்தார். கட்டு என்றால் செங்கல் கனம். கூடத்தில் நூறு பேரும் நாற்காலியில் சரிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையை வெறுத்த முகத்தோடு இருந்தார்கள். வரகுணன் ஒலிபெருக்கியில், “நாவலின் சாரத்தைப் பானமாக வடித்த கலைஞர் சவரிநாதன்!” என்று அறிவித்தார். கலைஞர் என்றார் தம்பி, என்னை!

நாலு மதிப்புரை கேட்ட தாகம். செங்கழுநீரன் டம்ளரை வாங்கி அண்ணாந்து ஒரே மடக்கில் இறக்கினார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. புன்னகை செய்தார். பிறகு அந்தப் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. முகம் செம்பருத்தி ஆயிற்று. இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். “ஹ்ஹா” என்று காற்றுதான் வந்தது. ஓர் எழுத்தாளன் தன் எழுத்தையே விழுங்கிப் பார்த்து உருகி நிற்பதை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது டம்ளரை வரகுணன் குடித்தார். அவருக்கும் அதேபோலத் தாரைதாரையாக ஓடியது. ஒலிபெருக்கியைக் கையால் மறைத்துக்கொண்டு, “எப்படிங்கய்யா? நாவல் வந்திருக்கா?” என்று கேட்டேன். மேடையில் இருந்த மற்ற மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் அந்த மூன்று பேரையும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரல் கீச்சிட, “அப்படியே... அப்படியே நாவல்” என்றார். உடனே அந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவ்வளவு பெரிய படிப்பாளிகள் நாலு பேரிடமிருந்து ஒரு மாற்றுக் கருத்து வரவில்லை.

செங்கழுநீரன் காகிதக் கட்டைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார். வரகுணன் அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, “ஆசிரியர் நெகிழ்ச்சியில் சொல்லிழந்து நிற்கிறார். அவருடைய கண்ணீரே ஏற்புரை. கூட்டம் இனிதே நிறைவுற்றது” என்று கீச்சுக்குரலில் சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெயில் இருந்தது. அதை யாராலும் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வராமல் திடீரென்று மணி அடித்துவிட்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு கைதட்டல் எழுந்தது பாருங்கள்! நூறு பேரும் இறங்கினார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நேராக பாருக்குள் நுழைந்தார்கள். நாற்காலி போதவில்லை. சொல்தா அமலோரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வறுத்த நெத்திலித் தட்டு தூக்கினார். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் என் காலில் விழுந்தார். “ஐயா, இருபது வருஷமா கூட்டத்துக்கு வர்றேன். இன்னைக்குத்தான் பொழுதோட என் பொண்டாட்டி முகத்தைப் பாக்கப் போறேன்” என்றார். இலக்கியம் மனுஷனைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

என்ன, என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? கிளியனூர் தாண்டிவிட்டது, திண்டிவனம் இன்னும் தூரம்தான். கேளுங்கள்.

மறுநாளிலிருந்து சொல்தாவுக்குப் பயம். “அந்த ஆளுக்குக் குரல் திரும்பினதும் நேரா இங்கதான் வருவான் சவரி. கலாட்டா ஆனா கடையவே மூடிட வேண்டியதுதான்” என்றார். குரல் புதன்கிழமை திரும்பியது. வியாழக்கிழமை செங்கழுநீரன் வந்தார். வாசலில் அவர் தலை தெரிந்ததுமே, பீரங்கிக்கு முன்னால் நின்ற எங்கள் சொல்தா அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

செங்கழுநீரன் கௌண்டரில் இரண்டு கையையும் ஊன்றினார். “யோவ், என் நாவல்ல எங்கய்யா இருக்கு நெருப்பு?” தகரத்தில் ஆணியால் கீறின குரல்.

“எழுதினவர் நீங்க. என்னைக் கேட்டா எப்படிங்கய்யா?” என்றேன் பணிவாக.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஊரே போன் பண்ணுதுய்யா. நெருப்பு, நெருப்புங்கறாங்க. மேடையிலயே அழுதாராமே, அப்படி என்ன எழுதியிருக்காருன்னு புத்தகம் அத்தனையும் வித்துப்போச்சு. பதிப்பாளர் ரெண்டாம் பதிப்பு போடறேங்கறார். வாங்கினவன் உள்ள தேடிப் பாத்து நெருப்பைக் காணலைன்னா என்னை அடிப்பானே?”

பொன்னாடை போர்த்தி ஒரு டம்ளர் வைத்தேன். இந்தத் தடவை நுனி நாக்கில் மட்டும் தொட்டார். கண்ணை மூடினார். அப்புறம் எழுந்து, சட்டைப் பையில் பேனாவைத் தடவிக்கொண்டே போனார்.

இரண்டாம் பதிப்பை வழக்கம்போலத் திருவேணிதான் முதலில் வாங்கினாள். மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அண்ணே! கடைசி அத்தியாயம் புதுசு. ஐஸ் கம்பெனி எரிஞ்சுபோச்சு!”

“ஸ்வெட்டர்?”

“கழட்டி எறிஞ்சுட்டாண்ணே!”

நான் முதலிலேயே அம்மியில் சொன்னதை அவர் இரண்டாம் பதிப்பில்தான் கண்டுபிடித்தார். எழுத்தாளர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் வருவார்கள், குற்றமில்லை.

அந்த இரண்டாம் பதிப்பின் வெளியீடு மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு. சொல்தாவின் கெடு முடிகிற ஞாயிறும் அதுதான். ஒரு நாள் கூட்டத்தைப் பார்த்து ஏமாறமாட்டேன், இன்னொரு தடவை நிறைந்து காட்டட்டும் என்று மருமகப்பிள்ளை பிடிவாதமாகச் சொல்லியிருந்தான். டேப்போடு வந்து பாரின் வாசலிலேயே நின்றான். கூடத்தில் இருநூறு பேர். படியிலும் ஆள். மதிப்புரைகள் முடிந்தன. நான் டம்ளரோடு மேடை ஓரத்தில் நின்றேன்.

செங்கழுநீரன் என் பக்கம் திரும்பவே இல்லை தம்பி. நேராக ஒலிபெருக்கியைப் பிடித்தார். “அன்பர்களே, சென்ற முறை என்னால் ஏற்புரை வழங்க இயலவில்லை. ஆகவே அந்த ஏற்புரையையும், இன்றைய ஏற்புரையையும் சேர்த்து...” என்று சொல்லி இரண்டு கட்டுகளை மேஜைமேல் வைத்தார். தொம் என்று விழுந்தது. முன் வரிசையில் ஒரு அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

டம்ளர் என் கையிலேயே இருந்தது. என் கலவை அவர் தொண்டைக்குள் இறங்காவிட்டால் இந்தக் கூட்டம் கீழே இறங்காது. கூட்டம் இறங்காவிட்டால் டேப் இறங்கிவிடும். அவரோ முதல் காகிதத்தை எடுத்து, “நான் பிறந்தபோது...” என்று தொடங்கினார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். திருவேணி.

“டம்ளர் எங்க?”

நடுவரிசையில் ஒருவர் எழுந்து, “ஆமா, டம்ளர் எங்க?” என்றார். “முதல்ல டம்ளர்!” என்று படியிலிருந்து ஒரு குரல். அப்புறம் இருநூறு பேரும் காலால் தரையைத் தட்டிக்கொண்டு, “டம்ளர்! டம்ளர்!” பேராசிரியர் வரகுணன் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மேஜையைத் தட்டினார். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. எதிர் பாரில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்களாம்.

செங்கழுநீரன் கூட்டத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “அவையோர் விருப்பம்” என்று மெல்லிசாக ஒரு குரலில் சொல்லிவிட்டு, கையை நீட்டினார்.

குடித்தார். அழுதார். உட்கார்ந்தார். இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அவர் எழுதின எதற்கும் அவருக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. அதைக் கேட்டதும் அவரும் அழுதுகொண்டே சிரித்தார், எழுந்து இன்னொரு தடவை கும்பிட்டார். மாடிப்படி அதிர்ந்தது. ஜனம் பாருக்குள் பாய்ந்த வேகத்தில் வாசலில் நின்ற மருமகப்பிள்ளை சுவரோடு ஒட்டிப்போனான்.

சொல்தா அவன் கையிலிருந்த டேப்பை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். “மருமகப்பிள்ளே, சும்மா நிக்காதீங்க. அடுத்த வீட்ல போய் இருபது நாற்காலி வாங்கிட்டு வாங்க” என்றார்.

இப்போது ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் இந்த பஸ், இந்தப் பயணம். திண்டிவனத்தில் நாளைக்கு ஒரு காவியம் வெளியிடுகிறார்கள், பன்னீராயிரம் பாட்டு. அழைத்தவர் ஆசிரியரோ பதிப்பாளரோ இல்லை, கேட்க வருகிற ஜனங்களே காசு போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள் ஐயா’ என்று கெஞ்சினார்கள். இலக்கியத்துக்கு இந்த நாட்டில் ஆதரவில்லை என்று சிலர் புலம்புகிறார்களே தம்பி, அவர்களுக்கெல்லாம் ஜனங்களுடைய தாகம் எங்கே தெரியப்போகிறது?